முட்டைக் கள்வன் யார்?

பொழுது விடியுமுன் கோழிக்கூட்டுக்குள் கையை விட்டுப் பார்த்து, நேற்று எண்ணி வைத்ததில் இரண்டு குறைந்திருந்தால் வயிறு எப்படி எரியும் என்பது நமக்குத் தெரியும். கடையில் வாங்கித் தின்பவருக்கு அது வெறும் முட்டை. வளவில் நான்கு பேட்டுக் கோழியை நம்பிப் பிள்ளைகளின் கொப்பிக்கும் பேனைக்கும் கணக்குப் போடுகின்ற பெண்ணுக்கு அது அப்படியல்ல.

எங்கள் வாப்பா 1990இல் வயலுக்குப் போனவர் திரும்பி வரவில்லை. அதன்பின் உம்மா தறியிலும் இருந்தார், கோழியும் வளர்த்தார். 2004 டிசம்பரில் கடல் வந்தபோது கடற்கரைப் பக்கமிருந்த எங்கள் வீட்டோடு கூடும் போயிற்று. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோரைப் பறிகொடுத்த அந்த நேரத்தில் கோழியைப் பற்றி யார் பேசுவார்? ஆனாலும் 2006இல், வயல் பக்கமாகக் கிடைத்த ஒரு சிறிய வளவில், உம்மா முதலில் கேட்டது ஒரு பேட்டைத்தான்.

அந்தப் பேடு அடைக்குக் கிடந்தபோது பன்னிரண்டு முட்டை வைத்தோம். ஐந்தாம் நாள் எண்ணினால் பத்து. பதினோராம் நாள் எட்டு. கோது இல்லை, ஈரம் இல்லை, ஒரு தடயமும் இல்லை. பக்கத்து வளவில் தாயில்லாத ஒரு பையன் இருந்தான். பந்து எடுக்க அடிக்கடி எங்கள் வளவுக்குள் வருவான். "வேற ஆரு கா எடுப்பா? அவன்தான்" என்று வேலிக்குக் கேட்கும்படியாக நான்தான் சொன்னேன். அவனுடைய மூத்தம்மா இரண்டு நாள் எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை. பையனும் பந்து எடுக்க வரவில்லை.

மூன்றாம் நாள் சுபஹுக்கு முன் பேடு கத்திக்கொண்டு வெளியே பாய்ந்தது. டோர்ச் அடித்துப் பார்த்தால், பெட்டிக்குள் நாகம். தொண்டைக்குக் கீழே முட்டையின் வீக்கம் அப்படியே தெரிந்தது. உம்மா பத்து நாளாக இருட்டில் கையை விட்டுத் தடவிய பெட்டி அது.

சகோதரிகளே, இந்தக் கதையைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. முட்டை காணாமற்போனால் ஆளைச் சந்தேகிக்குமுன் பெட்டியைப் பாருங்கள். ஒவ்வொரு கள்வனும் தன் கையெழுத்தை விட்டுத்தான் போகிறான்.

முட்டை முழுதாக மறைந்து கோதும் கிடைக்கவில்லை என்றால் பெரும்பாலும் பாம்புதான், அது விழுங்கிவிடும். எலியும் பெருச்சாளியும் கடித்துத் தின்னும். பற்குறியுள்ள கோதுத் துண்டுகள் பெட்டிக்குள்ளோ வளை வாசலிலோ கிடக்கும். சில வேளை முட்டையை உருட்டிக்கொண்டே போய்விடும், ஆகையால் கூட்டைச் சுற்றி வளை இருக்கிறதா என்றும் பாருங்கள். மரநாய் வந்தால் அந்தக் காலை மறக்க முடியாது. பல முட்டைகள் உடைந்து, கோழியும் கழுத்தில் கடியுண்டு கிடக்கும். கூரைமேல் பழக்கொட்டைகள் நிறைந்த எச்சம் இருந்தால் அதுவே சாட்சி. கீரி பகற்காரன், உடும்பும் அப்படியே. இவற்றுக்கு இரவுக் காவல் பயன்படாது.

இன்னொரு கள்வன் கூட்டுக்குள்ளேயே இருப்பான். கோழியின் சொண்டில் மஞ்சட்கரு காய்ந்திருந்து, பெட்டி வைக்கோல் ஈரமாக இருந்தால், அது தன் முட்டையைத் தானே தின்னப் பழகிவிட்டது. உடலில் சுண்ணாம்புச் சத்துக் குறைந்து கோது மெலிந்து உடைவதில்தான் இந்தப் பழக்கம் அநேகமாகத் தொடங்கும். நமக்குக் கடல் பக்கத்தில்தானே இருக்கிறது! சிப்பியைக் கழுவிக் காயவைத்து இடித்து ஒரு சிரட்டையில் வையுங்கள், தேவையான அளவு கோழியே கொத்திக்கொள்ளும்.

சரி, தடுப்பது எப்படி? முதலில் ஒரு விடயத்தைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்துவிடும். கோழி பெரும்பாலும் காலையிலிருந்து மத்தியானத்துக்குள்தான் முட்டை இடும். ஆகவே ளுஹருக்கு ஒரு தடவையும் அசருக்குப் பின் ஒரு தடவையும் எடுத்துவிட்டால் இரவில் திருடப் பெட்டியில் எதுவும் இராது. "எல்லாத்தையும் எடுத்தா கோழி வேற இடத்துல போய் இடும்" என்று மூத்தவர்கள் சொல்வது உண்மைதான். அதற்கு முட்டை வேண்டியதில்லை, முட்டை வடிவான ஒரு வெள்ளைக் கல்லை விட்டுவைத்தால் போதும். எடுத்த முட்டையைக் கழுவாமல், கூரிய பக்கம் கீழாக, குளிர்ச்சியான இடத்தில் வையுங்கள். அடைக்கு வைப்பதற்கென்றால் ஒரு வாரத்துக்குள் வைத்துவிடுவது நல்லது.

உண்மையான காவல் தேவைப்படுவது அடைக்கோழிக்கு, அதுவும் இருபத்தொரு நாளைக்கு. முன்பு எங்கள் வீடுகளில் அடைக்கோழியைக் குசினி மூலையில் வைத்ததற்குக் காரணம் இல்லாமலில்லை. இடமிருந்தால் இன்றும் அதுவே சிறந்தது. இரவில் மேலே ஒரு கூடையைக் கவிழ்த்துப் பாரம் வையுங்கள். காற்றுப் போக வேண்டும். பகலில் ஒரு தடவையாவது அது இறங்கித் தின்று குடிக்க விடுங்கள்.

வெளியே கூடு கட்டுவதானால் நிலத்திலிருந்து மூன்று அடி உயரத்தில் கட்டுங்கள். கூட்டின் கால் ஒவ்வொன்றையும் சுற்றி வழுவழுப்பான தகரம் அடித்தால் எலி பிடித்து ஏற முடியாது, பாம்புக்கும் கடினம். ஆனால் கூட்டுக்குப் பக்கத்தில் வேலியோ மரக்கிளையோ முட்டிக்கொண்டிருந்தால் தகரம் அடித்தது வீண். சுனாமிக்குப் பின் நிவாரணமாகக் கிடைத்த கூடுகள் பலவற்றில் அறுகோணக் கண்ணுள்ள கோழிவலைதான் இருந்தது. அது கோழி வெளியே போகாமல் தடுக்கும், எலி உள்ளே வராமல் தடுக்காது. அரை அங்குலக் கண்ணுள்ள தடித்த கம்பிவலை விலை கூடத்தான். முழுக் கூட்டுக்கும் வாங்க முடியாவிட்டால் முட்டைப் பெட்டி இருக்கும் பக்கத்துக்கும் அடித்தளத்துக்கும் மட்டுமாவது அடியுங்கள். கரையோரத்தில் கிடைக்கும் பழைய நைலோன் மீன்வலையைக் கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். எலி அதைக் கடித்துவிடும். பாம்பு அதில் சிக்கி உயிரோடு தொங்கும், பிறகு யார் போய் எடுப்பது?

கதவுக்குக் கயிறு போதாது. மரநாயின் கை சாமர்த்தியமானது, கொளுக்கியோடு ஒரு மரக்கட்டையும் குறுக்கே போடுங்கள். மஃரிபுக்குக் கோழிகள் தாமாக ஏறிவிடும். எண்ணிப் பார்த்து உடனே அடையுங்கள். எங்கள் ஊர்களில் காவலுக்கு நாய் வளர்ப்பது வழக்கமில்லை. ஆகையால் நமக்குக் கதவுதான் நாய்.

வயல் அறுவடை முடிந்ததும் எலிகள் உணவு தேடி வீடுகளின் பக்கம் வருகின்றன. எலி வந்தால் அதன் பின்னால் பாம்பும் வரும். ஆகவே இரவில் தீன் பாத்திரத்தைக் கூட்டில் விடாதீர்கள், சிந்திய நெல்லைக் கூட்டுங்கள், விறகுக் குவியலைக் கூட்டிலிருந்து தள்ளிப் போடுங்கள். எங்கள் நாகம் குடியிருந்தது விறகுக்குள்தான்.

எலிநஞ்சு வைக்க வேண்டாம். அதைக் கோழியும் கொத்தும், பிள்ளையும் எடுக்கும். மண்ணெண்ணெய் தெளித்தால் பாம்பு வராது என்பதையும் நம்பியிராதீர்கள். முட்டைக் கோதில் கண்ணுக்குத் தெரியாத ஆயிரக்கணக்கான துவாரங்கள் உண்டு. அந்த வாடை முட்டைக்குள்தான் போகும். வயலோரச் சதுப்பில் திரியும் மீன்பிடிப் பூனை போன்ற பிராணிகள் சட்டத்தால் பாதுகாக்கப்பட்டவை, அவற்றுக்குப் பொறி வைத்துக் கொல்வது குற்றம்.

வெளிச்சமில்லாமல் பெட்டிக்குள் கையை விடவே வேண்டாம். தடியால் தட்டி, டோர்ச் அடித்துப் பார்த்து, பிறகு கை. தப்பித்தவறிப் பாம்பு கடித்துவிட்டால் கீறுவதோ உறிஞ்சுவதோ இறுக்கிக் கட்டுவதோ கூடாது. கடித்த கை காலை அசைக்காமல் வைத்து, நேரே அரசாங்க வைத்தியசாலைக்குப் போங்கள். பார்வைக்காரரிடம் போய்விட்டு வருவோம் என்று நேரத்தைக் கழித்ததால் இழந்த உயிர்கள் ஊருக்கு ஊர் உண்டு.

2022இல் கோழித்தீனுக்குத் தட்டுப்பாடு வந்து பலர் பண்ணையை மூடினார்கள். 2023இல் அரசாங்கம் இந்தியாவிலிருந்து முட்டை இறக்கியது. அந்த நாட்களில் சோறும் குப்பையும் கிளறித் தின்ற ஊர்க்கோழிகள் எத்தனையோ வீட்டுப் பிள்ளைகளுக்கு முட்டை கொடுத்தன.

அன்று நாகம் தப்பிப் போன பிறகு, பெட்டியில் மிஞ்சிய முட்டைகளில் ஐந்து பொரித்தன. உம்மா இரண்டு குஞ்சைக் கூடையில் எடுத்துக்கொண்டு என்னையும் கூட்டிப்போய், மூத்தம்மாவின் முன்னால் நிறுத்தினார். "சொல்லு புள்ள" என்றார். நான் சொன்னேன். மூத்தம்மா ஒன்றும் பேசாமல் குஞ்சுகளை வாங்கிக்கொண்டார். அடுத்த வெள்ளிக்கிழமை எங்கள் கூட்டின் கால்களுக்குத் தகரம் அடிக்கும்போது, ஆணி எடுத்துக் கொடுத்தது அந்தப் பையன்தான்.