பூனைக்குப் பால் சோறு ஒத்துவருமா?

நெல்லும் நிலக்கடலையும் சேமித்து வைக்கும் வீடுகளில் எலித் தொல்லையைக் குறைக்கப் பூனை வளர்ப்பது விவசாயிகளிடையே நெடுநாளைய வழக்கம். மாட்டுக்கும் கோழிக்கும் தீவனக் கணக்குப் பார்ப்பவர்கள்கூடப் பூனைக்கு அவ்வாறு பார்ப்பதில்லை. காலையில் கொஞ்சம் பால், இரவில் மிஞ்சிய சோற்றில் மீன் குழம்பு, அத்துடன் சரி. பூனை மெலிந்து அடிக்கடி கழிந்தால், எலியைத் தின்றதால் வந்தது என்று விட்டுவிடுகின்றனர். பல சமயங்களில் கோளாறு எலியில் இல்லை, நாம் வைக்கும் தட்டில்தான் இருக்கிறது.

பாலினால் வரும் கழிச்சல்

பாலில் உள்ள சர்க்கரையைச் செரிக்கும் நொதி குட்டிகளின் குடலில் நிறைய உண்டு. தாய்ப்பால் மறந்தபின் இது படிப்படியாகக் குறைந்துவிடுகிறது. வளர்ந்த பூனைக்குப் பால் வைத்தால் செரிக்காத சர்க்கரை பெருங்குடலில் புளித்து, நீரை இழுத்து, வயிற்றுப்போக்கை உண்டாக்கும். சில பூனைகள் சிறிதளவு பாலைத் தாங்கிக்கொள்வதும் உண்டு. கழியும் பூனைக்கு மூன்று நாட்கள் பாலை நிறுத்தி, தண்ணீர் மட்டும் வைத்துப் பார்த்தால் உண்மை விளங்கிவிடும்.

குழம்புச் சோறும் ஏற்றதல்ல. வெங்காயமும் பூண்டும் பூனையின் ரத்தச் சிவப்பணுக்களை அழித்துச் சோகையை உண்டாக்கும்.

சோறு மட்டும் போதாது

நாய் சோற்றைத் தின்று ஒருவாறு காலம் தள்ளிவிடும். பூனையால் அது இயலாது. பூனையின் கண்ணுக்கும் இதயத்துக்கும் தேவையான டாரின் என்னும் சத்து இறைச்சியிலும் மீனிலும்தான் கிடைக்கிறது. இது குறைந்தால் பார்வை மங்கும். இதயம் விரிந்து தளரும். இதயத் தளர்ச்சிக்கு டாரின் குறைவு ஒரு காரணம் என்பது 1987-இல் அமெரிக்காவில் கண்டறியப்பட்டது.

மூன்று கிலோ எடையுள்ள பூனைக்கு நாளொன்றுக்குச் சுமார் 180 கலோரி தேவை. ஒரு சுண்டெலியில் சுமார் 30 கலோரி உள்ளது. ஆகவே, வெளித்தீனியின்றி வாழ ஆறு சுண்டெலிகள் வேண்டும். தினமும் அத்தனை அகப்படுவது அரிது. முள் நீக்கி அவித்த மத்தி மீன் நூறு கிராம், அல்லது ஓர் அவித்த முட்டையுடன் ஐம்பது கிராம் கோழி இறைச்சி, இவற்றில் ஒன்றை இரண்டு மூன்று வேளையாகப் பிரித்துக் கொடுக்கலாம். ஒரு கரண்டி குழைந்த சோற்றைச் சேர்ப்பதில் தவறில்லை. மீனைப் பச்சையாகக் கொடுக்கக் கூடாது. சில மீன்களில் பி1 வைட்டமினை அழிக்கும் பொருள் உள்ளது, வேகவைத்தால் அது போய்விடும். ஈரல் வாரம் ஒருமுறை போதும். வெந்த கோழி எலும்பு சில்லுகளாக உடைந்து குடலைக் குத்தும்.

பட்டினி போட்டால்தான் பூனை எலி பிடிக்கும் என்று கருதுவோர் இன்றும் உள்ளனர். பசித்த பூனை செய்யும் முதல் வேலை, அடுத்த வீட்டு அடுப்படியைத் தேடிப் போவதுதான்! இங்கிலாந்தில் சார்லஸ் எல்டன் என்ற விலங்கியல் அறிஞர் 1953-இல் வெளியிட்ட ஆய்வில், எலிகளை முதலில் ஒழித்துவிட்டு, தீனி கொடுத்து நிறுத்தி வைத்த பூனைகளே பண்ணைக் கட்டடங்களில் எலி மீண்டும் குடியேறாமல் காத்தன.

தாமதம் கூடாத இரண்டு நிலைகள்

மாடு ஒரு நாள் தீனி எடுக்காவிட்டால் கவலைப்படுகிறோம். பூனை மூன்று நாள் தின்னாவிட்டாலும் ‘தானே சரியாகிவிடும்’ என்கிறோம். இது ஆபத்தானது. தின்னாத பூனையின் உடல் கொழுப்பு கரைந்து ஈரலில் சேர்ந்து, ஈரல் செயலிழந்து காமாலை காணும். கொழுத்த பூனைக்கு இது விரைவில் வரும். இரண்டு நாள் முழுதும் தின்னாத பூனையைக் கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும். குட்டியானால் ஒரு நாளே அதிகம்.

கடுவன் பூனை அடிக்கடி உட்கார்ந்து முக்கினால் மலச்சிக்கல் என்று எண்ணி விளக்கெண்ணெய் புகட்டுகின்றனர். பெரும்பாலும் அடைபட்டிருப்பது சிறுநீர்த் தாரையாக இருக்கும். சிறுநீர் சொட்டுக்கூட வராமல் இரண்டு மூன்று நாள் சென்றால் பூனை இறந்துவிடும். புகட்டும் எண்ணெய் நுரையீரலுக்குள் போய்விடுவதும் உண்டு. மனிதருக்கான பாரசிட்டமால் மாத்திரையோ பூனைக்கு விஷமே; ஒரு மாத்திரையே உயிரைப் போக்கிவிடும்.

புழுவும் எலி மருந்தும்

குட்டிகளுக்கு உருண்டைப்புழு தாய்ப்பால் வழியாகவே வந்துவிடுகிறது. வயிறு உப்பி, உடல் மெலிந்திருப்பது இதன் அடையாளம். மூன்றாவது வாரத்திலிருந்து இரு வாரத்திற்கு ஒருமுறை, மருத்துவர் சொல்லும் அளவில் குடற்புழு மருந்து கொடுக்க வேண்டும். இப்புழு குழந்தைகளையும் பாதிக்கக்கூடியதாகையால், அவர்கள் விளையாடும் மணலில் பூனை மலம் கழிக்காமல் பார்த்துக்கொள்வது அவசியம். வளர்ந்த பூனையின் ஆசனவாயில் அரிசி போன்ற துணுக்குகள் ஒட்டியிருந்தால் அது நாடாப்புழு. தெள்ளுப்பூச்சியாலும் எலியாலும் இது வருவதால், மருந்தோடு தெள்ளையும் ஒழித்தாக வேண்டும்.

புரோமடையலோன் போன்ற எலி மருந்தைத் தின்ற எலியைப் பூனை தின்றால், ரத்தம் உறையாமல் உள்ளே கசியும். ஈறு வெளுப்பது, சோர்ந்து படுப்பது, மலத்தில் ரத்தம் காண்பது இதன் அறிகுறிகள். ‘கே’ வைட்டமின் ஊசியால் காப்பாற்ற முடியும். பூனை உள்ள வீட்டில் எலிப்பொறியே ஏற்றது.

கழிச்சல் கண்ட பூனையை அரசு கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டு செல்லும்போது, அன்று காலை போட்ட மலத்தில் சிறிதளவை மூடியுள்ள டப்பாவில் எடுத்துச் சென்றால் புழு உண்டா என்று அங்கேயே பார்த்துச் சொல்ல உதவியாக இருக்கும். எலி மருந்தாக இருக்குமோ என்ற ஐயம் இருந்தால், மருந்து அடைத்து வந்த உறையையும் மறவாமல் எடுத்துச் செல்ல வேண்டும்.