பெட்டியில் முறுக்கு, பல்லில் வெனீர்

ஜூன் பிறந்து பள்ளிகளை மூடியதும் அமெரிக்காவில் எடிசன், ஃப்ரீமாண்ட், ஃபிரிஸ்கோ என்று எல்லா ஊர்களிலிருந்தும் நம் குடும்பங்கள் தமிழ்நாட்டுக்குக் கிளம்புகின்றன. கல்யாணம், குலதெய்வம் கோயில், நகைக்கடை என்று நீளும் பயணத் திட்டத்தில் சில ஆண்டுகளாகப் பல் மருத்துவருக்கும் இரண்டு மூன்று நாள் ஒதுக்கப்படுகிறது. காரணம் பணம்தான். அமெரிக்காவில் ஒரு பல்லுக்குப் பீங்கான் வெனீர் போட ஏறக்குறைய 900 முதல் 2,500 டாலர் வரை ஆகும். சிரித்தால் தெரிகிற எட்டுப் பற்களுக்கும் போடுவதென்றால் பழைய கார் ஒன்றை வாங்கிவிடலாம். பல் காப்பீடு இதை அழகுக்கான சிகிச்சை என்று தள்ளிவிடும். தள்ளாவிட்டாலும் பெரும்பாலான திட்டங்கள் ஆண்டுக்கு 1,000 அல்லது 2,000 டாலருக்கு மேல் தருவதில்லை. அதே வேலை சென்னையிலோ கோவையிலோ இதில் சிறு பங்குச் செலவில் முடிந்துவிடுகிறது. பல இடங்களில் நன்றாகவும் செய்கிறார்கள்.

ஆனால் வெனீர், ஒட்டியதோடு முடிந்துபோகிற காரியம் அல்ல. பீங்கான் என்றால் பத்துப் பதினைந்து ஆண்டு, பல்நிறப் பிசினான கம்போசிட் என்றால் ஐந்து முதல் ஏழு ஆண்டு உழைக்கும். அத்தனை ஆண்டும் அதைச் சுத்தம் செய்து, ஈறைப் பார்த்து, உடைந்தால் ஒட்டப் போகிறவர் அதைப் போட்ட மருத்துவர் அல்லர். நியூஜெர்சியிலோ டெக்சாஸிலோ உள்ள, உங்களை முன்பின் பார்த்திராத ஒருவர். உங்கள் வாய்க்குள் என்ன இருக்கிறது என்று அவருக்குச் சொல்ல ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லாமல் திரும்பி வருகிறோம். முறுக்கும் பருப்புப்பொடியும் கிராம் கணக்குப் பார்த்துப் பெட்டியில் ஏறுகின்றன. அந்தச் சீட்டு மட்டும் ஏறுவதில்லை.

வெனீர் என்பது பல்லின் முன்பக்கத்தில் ஒட்டும் மெல்லிய ஓடு. தடிமன் பெரும்பாலும் அரை மில்லிமீட்டரைச் சுற்றித்தான் இருக்கும். இது ஹாலிவுட்டில் பிறந்தது. 1920-களின் கடைசியில் சார்லஸ் பிங்கஸ் என்ற பல் மருத்துவர் திரை நடிகர்களுக்கு இப்படி ஓடுகள் செய்து கொடுத்தார். படப்பிடிப்பு முடிந்ததும் கழற்றி வைத்துவிட வேண்டும். எனாமலை அமிலத்தால் சொரசொரப்பாக்கினால் பிசின் பிடிக்கும் என்று 1955-இல் மைக்கேல் புவோனகோர் காட்டினார். பீங்கானின் உட்புறத்தையும் அதேபோல் அமிலத்தால் பதப்படுத்தி ஒட்டும் முறை 1980-களில் வந்தது. அதன் பிறகே வெனீர் பல்லோடு நிலைத்து நின்றது.

சினிமாக்காரர் சமாசாரம் நமக்கு எதற்கு என்று கேட்பவர்களுக்குத் தருமபுரியையும் கிருஷ்ணகிரியையும் சொல்ல வேண்டும். அந்த மாவட்டங்களின் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் இருக்கலாம், வேறு வழியில்லாத இடத்தில் 1.5 வரை பொறுக்கலாம் என்பது இந்தியத் தரநிர்ணயம். பல கிராமங்களின் கிணறுகளும் ஆழ்துளைக் கிணறுகளும் அதைத் தாண்டியவை. ஏறத்தாழ எட்டு வயது வரை, ஈறுக்குள் பற்கள் உருவாகும் காலத்தில் அந்தத் தண்ணீரைக் குடித்த பிள்ளைகளுக்குப் பல் முளைக்கும்போதே வெள்ளைத் திட்டுடனோ காவிக் கறையுடனோ முளைக்கும். எவ்வளவு தேய்த்தாலும் போகாது. ஜப்பானிய நிதியுதவியுடன் அமைந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் தொடங்கி வைக்கப்பட்டது. அதற்கு முன் அங்கே வளர்ந்தவர்களில் படித்து அமெரிக்கா வந்தவர்கள் இன்று முப்பதுகளிலும் நாற்பதுகளிலும் இருக்கிறார்கள். கல்லூரிக் குழுப்படத்தில் வாயை இறுக மூடி நின்றவர்கள், சிரிப்பு வந்தால் கையால் மறைத்துக்கொண்டவர்கள். பல் தேய்க்கவில்லையா என்ற கேள்வியைக் கேட்டுக் கேட்டே வளர்ந்தவர்கள். அவர்கள் வெனீர் போட்டுக்கொள்வதை ஆடம்பரம் என்று சொல்ல எனக்கு மனம் வராது.

பராமரிப்பிலும் இவர்கள் கூடுதல் கவனத்தோடு இருக்க வேண்டும். ஃபுளோரைடு கறைபடிந்த எனாமலின் மேற்பரப்பு அமிலத்துக்கு எளிதில் இளகாது. அதனால் பிசினின் பிடிப்பு குறையலாம். அடியில் பல் பழுப்பாக இருப்பதால் வெளிச்சத்தை மறைக்கும் பீங்கானைத் தேர்ந்தெடுத்திருப்பார்கள். ஓரம் சிறிது உடைந்தாலும் பழுப்பு பளிச்சென்று தெரியும். கடுமையான ஃபுளோரைடு கறையைத் தன் நோயாளிகளிடம் அதிகம் பார்த்திராத அமெரிக்க மருத்துவர் அதைச் சொத்தை என்று எண்ணிவிடக்கூடும். முதல் சந்திப்பிலேயே, “சிறுவயதில் ஃபுளோரைடு மிகுந்த தண்ணீர் குடித்தேன்” என்று சொல்லிவிடுங்கள்.

இன்னொன்றையும் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். உங்களுக்குப் போட்டது வெனீரா, கேப்பா? ஊரில் பேச்சுவழக்கில் இரண்டும் கேப்தான். வெனீருக்குப் பல்லின் முகப்பை மட்டும் இழைப்பார்கள். கேப்புக்குச் சுற்றிலும் செதுக்குவார்கள். பல்லின் வெளியில் தெரியும் பகுதியில் வெனீர் வகைகளுக்கு 3 முதல் 30 விழுக்காடும், முழுக் கேப்புக்கு 63 முதல் 72 விழுக்காடும் எடைக் கணக்கில் போய்விடுகிறது என்று 2002-இல் வெளியான ஓர் அளவீடு காட்டியது. துருக்கிக்குப் போய்ப் பல் மாற்றிக்கொண்டு வந்த பிரிட்டன் இளைஞர்களில் பலர் வெனீர் என்று நம்பித் திரும்பியது கேப்போடுதான். எது போட்டிருந்தாலும் எனாமல் திரும்ப வளராது. இந்த ஓடு தேய்ந்தால் அடுத்த ஓடு போட்டே ஆக வேண்டும்.

இனி அந்தச் சீட்டுக்கு வருவோம். முதலில் அதில் இருக்க வேண்டியது, ஓடு எந்தப் பொருளால் ஆனது என்பது. இ.மேக்ஸ் என்று விற்கப்படும் லித்தியம் டைசிலிகேட் ஒரு வகை, சிர்கோனியா இன்னொரு வகை. கண்ணால் பார்த்து இரண்டையும் எளிதில் பிரிக்க முடியாது. கழன்று விழுந்தால் திரும்ப ஒட்டும் விதமோ முற்றிலும் வேறு. முதல் வகையின் உட்புறத்தை ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்தால் அரிக்க வேண்டும். சிர்கோனியாவில் அந்த அமிலம் வேலை செய்யாது. நுண்துகளைப் பீய்ச்சிச் சொரசொரப்பாக்கி அதற்கென்று உள்ள பூச்சைப் பூச வேண்டும். பொருள் தெரியாத மருத்துவர் ஊகித்து ஒட்டினால் மறுமாதம் மறுபடியும் விழும். அடுத்து நிற எண்: ஏ1, பி1 என்று பல் நிற அளவுகோலில் குறித்திருப்பார்கள். ஒட்டப் பயன்படுத்திய சிமெண்டின் பெயர், வேலைக்கு முன்னும் பின்னும் எடுத்த எக்ஸ்ரேயும் படங்களும், ஆய்வகம் தரும் உத்தரவாத அட்டை ஆகியவையும் வேண்டும். வாயை ஸ்கேன் செய்து அளவு எடுத்திருந்தால் அந்த ஸ்கேனின் எஸ்டிஎல் கோப்பை மின்னஞ்சலில் வாங்கிவிடலாம். அது இருந்தால் உடைந்த ஓட்டைப் பழைய வடிவிலேயே இங்குள்ள ஆய்வகம் செய்து தரும். வெளிநாட்டில் சிகிச்சை பெறுகிறவர்கள் திரும்பும் முன் மருத்துவப் பதிவுகளின் நகலைக் கேட்டு வாங்க வேண்டும் என்று அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையமே அறிவுறுத்துகிறது. கேட்பதில் தயக்கம் வேண்டாம்.

மூன்று வாரப் பயணத்தில் பெரும்பாலும் கடைசி வாரம்தான் பல்லுக்குக் கிடைக்கிறது. அதுவரை கல்யாண வீடு. ஒட்டிய மறுநாள் விமானம். இதைத்தான் மாற்ற வேண்டும். ஒட்டி ஒரு வாரம் ஊர்ச் சாப்பாடு சாப்பிட்டுப் பார்த்தால்தான் எங்கே மேல்பல் கீழ்ப்பல்லில் முட்டுகிறது என்று தெரியும். மயிர்க்கனம் உயரமாக இருந்தாலும் மாதக்கணக்கில் முட்டி முட்டி அந்த ஓடு விரிசல் விடும். ஈறோரத்தில் மிஞ்சிய சிமெண்டும் அதற்குள் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும்: அந்த இடத்தில் பல்லிடை நூல் சிக்கும், ஈறு சிவக்கும், தொட்டால் ரத்தம் வரும். போட்ட மருத்துவரிடம் இது பத்து நிமிட வேலை. ஆகவே வந்த முதல் வாரம் பல் வேலையைத் தொடங்கி இரண்டாவது வாரத்துக்குள் ஒட்டி முடிப்பதுபோல் நாள் குறித்துக்கொள்ளுங்கள்.

திரும்பி வந்த பிறகு சில வாரங்கள் குளிர்ந்த தண்ணீர் பட்டால் கூசும், தானே அடங்கும். சூடான காபி பட்டு எழும் வலி நெடுநேரம் நின்றாலோ, ஒன்றும் படாமலே இரவில் பல் விண்ணென்று தெறித்தாலோ பல்லுக்குள் நரம்பு புண்பட்டிருக்கலாம். அதைத் தள்ளிப்போடக் கூடாது.

அன்றாடப் பராமரிப்பு கடினமானதில்லை. மென்மையான பிரஷ், உராய்வு குறைந்த பேஸ்ட், இரவில் பல்லிடை நூல். ஊரிலிருந்து ஆசையாகக் கொண்டுவரும் பல்பொடி, கரித்தூள் பேஸ்ட், உப்பு ஆகியவற்றை ஒதுக்கிவிட வேண்டும். பீங்கானின் மெருகைக் கீறி அழித்துவிட்டால் அந்தக் கீறலில் கறை தங்கும். பீங்கானை மஞ்சளும் காபியும் எளிதில் கறைப்படுத்தாது. கறை ஏறுவது ஓடும் பல்லும் சேரும் ஓரத்தில். கம்போசிட் என்றால் சாம்பாரின் மஞ்சளே போதும். சாப்பிட்டதும் வாய் கொப்பளிக்கும் நம் பழக்கம் இங்கே பெரிய துணை. அலுவலகத்திலும் அதை விடாதீர்கள். வெண்மையாக்கும் ஜெல் வெனீரை வெளுக்காது, பக்கத்துப் பல்லை மட்டும் வெளுத்து நிற வித்தியாசத்தைக் கூட்டும்.

கடிப்பதில்தான் ஆபத்து அதிகம். கோகுலாஷ்டமிச் சீடை, கல்போன்ற முறுக்கு, பொங்கலுக்கு இந்தியக் கடையில் கிடைக்கும் கரும்பு, நாட்டுக்கோழி எலும்பு, கடலைமிட்டாய் எதையும் முன்பல்லால் கடிக்கக் கூடாது. கரும்பைக் கத்தியால் துண்டு போடலாம், முறுக்கை உடைத்துக் கடைவாயில் போடலாம். நகம் கடிப்பதும் பொட்டலத்தைப் பல்லால் கிழிப்பதும் முறுக்கைவிட மோசம். தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிப்பவர்களுக்கு இவை எல்லாவற்றையும்விட இரவுக் காப்பு முக்கியம். இது பற்களின் அளவுக்குச் செய்த பிளாஸ்டிக் உறை. வேலை நெருக்கடியில் பல்லைக் கடிப்பது பலருக்குத் தமக்கே தெரியாது. காலையில் தாடை வலித்தால், அல்லது வீட்டில் உள்ளவர் சத்தம் கேட்டதாகச் சொன்னால், மருத்துவரிடம் கேட்டுச் செய்துகொள்ளுங்கள்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை சுத்தம் செய்யப் போகும்போது நாற்காலியில் சாயும் முன்பே, எந்தெந்தப் பற்களில் வெனீர் என்று சொல்லிவிட வேண்டும். அதிர்வுக் கருவியை வெனீரின் ஓரத்தில் வைத்தால் விளிம்பு உடையலாம். சோடா உப்புத்தூளைப் பீய்ச்சும் கருவி மெருகைக் கெடுக்கும். அமிலம் கலந்த ஃபுளோரைடு ஜெல் பீங்கானையும் கம்போசிட்டையும் அரிக்கும். அமிலமில்லாத சோடியம் ஃபுளோரைடு வேண்டும் என்று கேளுங்கள். நல்ல வெனீரைப் பார்த்தால் வெனீர் என்றே தெரியாது என்பதால், நாம் சொல்லாவிட்டால் அவர்களுக்குத் தெரிய வழியில்லை.

ஓடு முழுதாகக் கழன்று வந்தால் பதற வேண்டாம். கழுவி ஒரு சிறு டப்பாவில் வையுங்கள். சூப்பர் குளூவைத் தொடவே கூடாது. அந்தப் பசை ஓட்டின் உட்புறத்தைப் பாழாக்கும், பல்லையும் புண்படுத்தும். வெறுமனே வாயில் பொருத்திக்கொண்டு தூங்கினால் மூச்சுக்குழலில் இறங்கும் அபாயம் உண்டு. திரும்ப ஒட்டும் வேலைக்குக் காப்பீட்டுப் பட்டியலில் டி2910 என்று ஓர் எண் இருக்கிறது. புதிதாக வெனீர் போடும் டி2962-க்குப் பணம் தராத நிறுவனம் இதற்குத் தருமா என்று முன்கூட்டியே எழுத்தில் கேட்கலாம். புது மருத்துவர் முழு வாய் எக்ஸ்ரே எடுக்காமல் பிறர் வேலையில் கை வைக்கத் தயங்குவார். அதைக் குற்றமாகப் பார்க்க வேண்டாம், தொட்ட பிறகு பொறுப்பு அவருடையது. செலவு மலைக்கவைத்தால் பல் மருத்துவக் கல்லூரிகளின் மாணவர் சிகிச்சைப் பிரிவுகளைப் பாருங்கள்: நியூவர்க்கில் ரட்கர்ஸ், சான்ஃபிரான்சிஸ்கோவில் யுசிஎஸ்எஃப், பசிபிக் பல்கலைக்கழகங்கள், டாலஸில் டெக்சாஸ் ஏ அண்ட் எம், ஹூஸ்டனில் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் கல்லூரி. ஆசிரியர்கள் மேற்பார்வையில் நேரம் எடுத்துச் செய்வார்கள், கட்டணம் குறைவு.

வேலையிலேயே பிழை என்றால் நியூஜெர்சி, கலிஃபோர்னியா, டெக்சாஸ் பல் மருத்துவ வாரியங்களால் ஒன்றும் செய்ய முடியாது; தாம் உரிமம் தந்தவர்களை மட்டுமே அவை விசாரிக்கும். தமிழ்நாடு பல் மருத்துவக் கவுன்சிலிடம் முறையிடலாம். 1995-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு கட்டண மருத்துவம் நுகர்வோர் சட்டத்துக்குள் வருகிறது. வழக்குக் காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் மனுச் செய்ய வேண்டும். அங்கும் முதலில் கேட்கப்படுவது ரசீதும் எக்ஸ்ரேயும்தான்.

ஏற்கெனவே வெறுங்கையோடு திரும்பிவிட்டவர்களுக்கும் இன்னும் காலம் போய்விடவில்லை. வாட்ஸ்அப்பில் இப்படி ஒரு செய்தி அனுப்பினால் போதும்: “வணக்கம் டாக்டர். ஜூலையில் உங்களிடம் மேல்வரிசையில் எட்டுப் பல்லுக்கு வெனீர் போட்டேன். எந்தப் பொருள், என்ன ஷேடு, எந்த சிமெண்ட் என்று எழுதி, எக்ஸ்ரேயும் ஸ்கேன் கோப்பும் அனுப்ப முடியுமா? பிளாஸ்டர் அச்சு இருந்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், அடுத்த மாதம் அம்மா இங்கே வரும்போது எடுத்து வருவார்கள்.”