சிறு காசு வென்ற பெருநோய்

கோயில் திருப்பணிக்கும், ஏழை மாணவர் கல்விக்கும், நோயுற்றார் சிகிச்சைக்கும் பொருள் வழங்குவது நம் இல்லங்களில் வழிவழியாக வந்த வழக்கம். அங்கெல்லாம் கொடுத்ததன் பயனை நாம் கண்ணாரக் காண்கிறோம். ஆனால், நோயின் மூலத்தை ஆராயும் அறிஞருக்கு உதவவேண்டும் என்ற எண்ணம் நம்மிடையே அரிதாகவே எழுகிறது. அஃது அரசாங்கத்தின் வேலை, இல்லையேல் பெருஞ்செல்வரின் கடமை என்று இருந்துவிடுகிறோம். அவ்வாறன்று என்பதற்கு இளம்பிள்ளை வாதத்தின் வரலாறே சான்று.

அமெரிக்க நாட்டுப் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் 1921-இல், தமது 39-ஆம் வயதில், கால்களின் வலுவை இழந்தார். இளம்பிள்ளை வாதம் என்றனர் மருத்துவர். பின்னர் அந்நாட்டின் தலைவரான அவர், அந்நோயை ஒழிப்பதற்கென 1938-இல் ஓர் அறநிறுவனத்தைத் தோற்றுவித்தார். எடி கேன்டர் என்னும் நடிகர், ஆளுக்கொரு 'டைம்' காசை நேரே வெள்ளை மாளிகைக்கு அனுப்புமாறு வானொலி வாயிலாக வேண்டினார். டைம் என்பது டாலரில் பத்திலொரு பங்கு. வந்து குவிந்தவையோ ஏறத்தாழ 26,80,000 காசுகள்!

அந்நிறுவனம் திரட்டிய பொருளில் ஒரு பகுதி நோயுற்றாரைப் பேணவும், மற்றொரு பகுதி ஆராய்ச்சிக்கும் சென்றது. அவ்வுதவி பெற்ற எண்டர்ஸ், வெல்லர், ராபின்ஸ் ஆகிய மூவரும் 1949-இல், நரம்பல்லாத திசுக்களிலும் அந்நோய்க் கிருமியை வளர்க்கலாமெனக் காட்டினர். 1954-இல் நோபல் பரிசும் பெற்றனர். அவர்கள் திறந்த வழியில் சென்று ஜோனஸ் சால்க் தடுப்பூசி கண்டார். 1954-இல் சுமார் 18 லட்சம் குழந்தைகள் பங்குகொண்ட பெருஞ்சோதனை நடந்தது. 1955 ஏப்ரல் 12 அன்று வெற்றி அறிவிக்கப்பட்டது. முதற்காசு அனுப்பியவர்கள் 17 ஆண்டுகள் காத்திருந்தனர் என்பதை நாம் மறத்தலாகாது.

சாபின் கண்ட சொட்டு மருந்தின் ஆராய்ச்சிக்கும் அந்நிதி துணைநின்றது. அச்சொட்டு மருந்தே நம் குழந்தைகளின் வாயிலும் விழுந்தது. கொல்கத்தாவில் வாழும் நமக்கு அக்கரையான ஹவுராவில்தான், 2011 ஜனவரி 13 அன்று, இயற்கையாகப் பரவும் கிருமியால் இந்நாட்டில் கடைசியாக ஒரு சிறுமி அந்நோய்க்கு ஆளானாள். 2014 மார்ச் 27 அன்று நம் நாடு அந்நோயினின்று விடுபட்டதென்று சான்றளிக்கப்பட்டது. உறையிலிட்டுக் காசு அனுப்பிய அந்நாளைய அமெரிக்கத் தாய் ஹவுராவின் பெயரைக் கேட்டிருப்பாளா? முகமறியா மழலைக்கும் சென்று சேர்வதே இவ்வறத்தின் தனிச்சிறப்பு.

காசநோயாளர் தொகையில் உலகில் முதலிடம் இன்றும் நம் நாட்டுக்கே. புற்றுநோயும் நாம் அறியாததன்று. ஆதலின், பிள்ளைகளின் பிறந்தநாளிலும், பெற்றோரின் நினைவுநாளிலும் செய்யும் தருமத்தில் ஒரு சிறு பங்கை மருத்துவ ஆராய்ச்சிக்கென ஒதுக்குவோமாக. ஆண்டுதோறும் கணக்கு வெளியிடும் நிறுவனமாகத் தேர்ந்து, ஆராய்ச்சிக்கென்றே குறிப்பிட்டு அனுப்பி, ரசீது பெறுதல் நன்று. பயன் விரைவில் தோன்றாமற் போகலாம். சில ஆராய்ச்சிகள் தோற்கவும் கூடும். தோற்ற ஆராய்ச்சியும், இவ்வழி செல்லற்க என்று பின்வருவோர்க்கு உரைக்கும். அதற்கும் சேர்த்தே நாம் கொடுக்கிறோம்.