டால்டா 13

உங்கள் வீட்டு ஆல்பத்தை எடுத்துக் கொஞ்சம் புரட்டிப் பாருங்கள். காசி யாத்திரை, கொடைக்கானல் ஏரி, நாத்தனார் கல்யாணம் எல்லாம் இருக்கும். "படம் எடுத்தது யார்?" என்று கேட்டால், "எல்லாம் அவர்தான்!" என்பீர்கள். காமிராவுக்கு முன்னால் நிற்பது பெண்களுக்கு, பின்னால் நிற்பது ஆண்பிள்ளைகளுக்கு என்று எப்படியோ ஒரு வழக்கம் ஏற்பட்டுவிட்டது. டெலிபோனிலேயே காமிரா வந்துவிட்ட இந்த நாளில் அது தளர்ந்து வருகிறது, வாஸ்தவம். ஆனால் அந்த வழக்கத்தைச் சட்டை செய்யாமல் சைக்கிளில் ஏறிப் போன ஒரு பெண்மணி இருந்தார்.

ஹோமாய் வியாரவல்லா. பார்ஸி வகுப்பைச் சேர்ந்தவர். 1913-ல் குஜராத்தில் நவ்ஸாரியில் பிறந்தார். தகப்பனாருக்கு ஊர் ஊராகப் போகும் நாடகக் கம்பெனியில் வேலை. ஆகவே மூட்டை கட்டுவதும் அவிழ்ப்பதும் சின்ன வயதிலேயே பழக்கமாகிவிட்டது. பம்பாய் ஜே.ஜே. கலைப் பள்ளியில் சித்திரம் படித்தார். காமிராவைப் பழக்கிக் கொடுத்தவர், பிற்பாடு கணவராக வாய்த்த மானெக்ஷா. பெண்கள் சங்கத்தார் போன ஓர் உல்லாசப் பயணத்தை இவர் எடுத்த படங்கள் 'பம்பாய் கிரானிகிள்' பத்திரிகையில் வந்தன. படத்துக்கு ஒரு ரூபாய் சன்மானம்!

ஆனால் ஆரம்பத்தில் இவர் எடுத்த பல படங்கள் கணவர் பெயரிலேயே அச்சாயின. பெண் எடுத்த படம் என்றால் யார் மதிப்பார்கள் என்ற நினைப்புத்தான். அதை நினைத்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது.

1942-ல் குடும்பம் டில்லிக்குப் போயிற்று. பிரிட்டிஷ் தகவல் இலாகாவில் வேலை. புடவையும் காமிராவுமாக டில்லி வீதிகளில் சைக்கிளில் போவார். அந்தக் காலத்து 'ஸ்பீட் கிராபிக்' காமிரா ஒரு சிறு பெட்டி போலக் கனக்கும். ஒவ்வொரு படத்துக்கும் தனித் தகடாக பிலிமை மாற்ற வேண்டும். வெளிச்சத்துக்கு வைக்கும் பல்பு ஒரு தடவை பளிச்சிட்டால் தீர்ந்தது. நம்மைப் போல ஒரே தோசையை இருபது கோணத்தில் எடுக்க முடியாது! 'ரோலிபிளெக்ஸ்' கொஞ்சம் சௌகரியம். ஒரு சுருளுக்குப் பன்னிரண்டு படம். அதில் தலையைக் குனிந்து, மேலிருந்து பார்க்க வேண்டும். உருவம் இடம் வலமாக மாறித் தெரியும். எதிரே இருப்பவருக்கோ தம்மை யாரும் உற்றுப் பார்ப்பதாகத் தோன்றாது. ஹோமாயின் படங்களில் இருக்கும் கூச்சமின்மைக்கு இந்தக் குனிந்த தலையும் ஒரு காரணம் என்பது என் அபிப்பிராயம். வெள்ளைப் புறாவைப் பறக்க விடும் நேரு, பிரிட்டிஷ் ராஜதந்திரி ஒருவரின் மனைவிக்குச் சிகரெட் பற்ற வைக்கும் நேரு — இரண்டிலும் பிரதம மந்திரியைக் காணோம், மனிதர்தான் இருக்கிறார்.

படங்களுக்கு இவர் வைத்துக் கொண்ட புனைபெயர் 'டால்டா 13'. சமையலறை டின் ஞாபகம் வருகிறதல்லவா? அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பிறந்தது 1913-ல், வருங்காலக் கணவரைச் சந்தித்தது பதின்மூன்றாவது வயதில், முதலில் வாங்கிய காரின் நம்பர் டி.எல்.டி. 13. பதின்மூன்றைக் கண்டு பயப்படுகிறவர்கள் கவனிக்கட்டும்!

1956-ல் தலாய் லாமா முதன் முறையாக நாதூலா கணவாய் வழியாக இந்தியாவுக்கு வந்தார். பதினாலாயிரம் அடி உயரத்துக் கணவாய் அது. அந்த வருகையைப் படமெடுக்க சிக்கிமுக்கே போய்விட்டார் ஹோமாய். நாம் நாலு நாள் ஊருக்குப் போவதென்றால் பால்காரரிடம் சொல்லி, மாவு அரைத்து வைத்து, சாவியை அடுத்த வீட்டில் கொடுத்துவிட்டுப் புறப்படுகிறோம். அவரும் பிள்ளையும் புருஷனும் உள்ள ஒரு குடித்தனக்காரிதான்.

1969-ல் கணவர் காலமானார். மறு வருஷம் காமிராவை வைத்துவிட்டார். புதிதாக வந்த பத்திரிகைப் படக்காரர்களின் நடத்தை பிடிக்கவில்லை, தொழிலில் கண்ணியம் போய்விட்டது என்பது அவர் சொன்ன காரணம். அதன் பிறகு நாற்பது வருஷத்துக்கு மேல் ஒரு படம்கூட எடுக்கவில்லை! இது எனக்கு இன்னும் ஜீரணமாகவில்லை. சங்கீதக்காரர் கச்சேரியை நிறுத்தினாலும் கொல்லைப்புறத்தில் முணுமுணுக்கமாட்டாரா? பரோடாவில் வாழ்ந்தார். மகனும் முந்திக் கொண்டுவிட, தன்னந்தனியாகத் தன் வேலைகளைத் தானே பார்த்துக் கொண்டு காலம் கழித்தார். 2011-ல் பத்ம விபூஷண் விருது தேடி வந்தது. 2012 ஜனவரியில், தொண்ணூற்றெட்டாம் வயதில் காலமானார்.

கடைசி வரையில் அவர் மனத்தில் உறுத்திக் கொண்டிருந்தது ஒரு படம். 1948 ஜனவரி 30 மாலை காந்திஜியின் பிரார்த்தனைக் கூட்டத்துக்குப் புறப்பட்டவரைக் கணவர் தடுத்து, "நாளைக்கு இருவருமாகப் போகலாம்" என்று சொல்லிவிட்டார். மறுநாள் போனார். ராஜ்காட்டை நோக்கிச் சென்ற இறுதி ஊர்வலத்தைத்தான் எடுக்க முடிந்தது.