பட்ட காலிலே படும்



பட்ட காலிலே படும் என்று நம் பெரியவர்கள் சொல்வதுண்டு. 2022-ல் இலங்கை பட்ட பாடு அதற்குச் சாட்சி.

கஷ்டம் தனியாக வந்தால் சமாளித்துவிடலாம். வருமானம் குறைந்தால் கடன் வாங்கலாம். விளைச்சல் குறைந்தால் வெளியிலிருந்து வாங்கலாம். பல கஷ்டங்கள் சேர்ந்து வரும்போதோ, தாங்க வேண்டிய தூண்களும் கூடவே சாய்ந்துவிடுகின்றன.

2019 ஈஸ்டர் தினத்தில் ஆலயங்களிலும் ஓட்டல்களிலும் குண்டுகள் வெடித்து 250-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். சுற்றுலா சரிந்தது. அவ்வாண்டு இறுதியில் அரசு வாட் வரியை 15 சதவிகிதத்திலிருந்து 8 ஆகக் குறைத்தது. 2020-ல் கொரோனா வந்தது. சுற்றுலா அடியோடு நின்றது. வரியும் இல்லை, பயணிகளும் இல்லை என்றானபின் வெளிநாட்டில் யார் கடன் கொடுப்பார்கள்? 2021-ல் இரசாயன உர இறக்குமதியைத் தடை செய்தார்கள். சில மாதங்களில் தடையை நீக்கினாலும் நெல் விளைச்சல் குறைந்து, அரிசி வாங்க டாலர் செலவாயிற்று. 2022 பிப்ரவரியில் உக்ரைன் போர் மூண்டு எண்ணெய் விலை ஏறிற்று. ஏப்ரல் 12-ல் வெளிநாட்டுக் கடனைச் செலுத்துவதை அரசு நிறுத்திவைத்தது.

தொழில் நடத்துகிறவரின் நிலையை எண்ணிப் பாருங்கள். மார்ச் இறுதியில் நாளுக்குப் 13 மணி நேரம் வரை மின்வெட்டு. ஜெனரேட்டர் இருக்கிறது, டீசல் இல்லை. தொழிலாளி வரப் பஸ் இல்லை, அதற்கும் டீசல்தான். தனித்தனியாகச் செய்த ஏற்பாடுகள் எல்லாம் ஒரே எரிபொருளை நம்பியிருந்தது அப்போதுதான் தெரிந்தது. செப்டம்பரில் விலைவாசி முந்தைய ஆண்டைவிட ஏறக்குறைய 70 சதவிகிதம் உயர்ந்திருந்தது. இப்படி விலை ஏறும்போது, இன்று விற்ற காசில் நாளை அதே சரக்கை வாங்க முடியாது. கணக்குப் புத்தகம் லாபம் காட்டும், முதல் கரைந்துகொண்டிருக்கும்.

ஆஸ்பத்திரிகளும் தப்பவில்லை. மருந்துகளில் பெரும்பகுதியை இறக்குமதி செய்யும் நாடு அது. சில இடங்களில் அவசரமில்லாத ஆபரேஷன்களை ஒத்திப்போட்டார்கள். அலமாரியில் மூன்று மாத மருந்து இருப்பது முடங்கிய பணம் என்று கணக்கர்கள் சொல்வார்கள். சாதாரண காலத்தில் அது சரிதான். மருந்து தீர்ந்துபோன வார்டில் நின்று அதைச் சொல்ல அவர்களுக்கும் மனம் வராது.

2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியம் ஏறக்குறைய 300 கோடி டாலர் கடனுக்கு ஒப்புதல் அளித்தது. எட்டாகக் குறைத்த வாட் வரி, 2024 ஜனவரியில் 18 சதவிகிதமாயிற்று.