மாடிப்படிக்கு ஆப்பிள், தலைக்கு ரொட்டி

கிழக்கு லண்டன் காக்னி மக்களின் இயைபுப் பேச்சு, போலீசுக்குப் புரியக்கூடாதென்று திருடர்கள் கட்டிய குழூஉக்குறி என்பார்கள். கேட்கச் சுவையான கதைதான். கிடைக்கும் சான்றோ வேறு ஆட்களைக் காட்டுகிறது. 1859-இல் ஜான் கேம்டன் ஹாட்டன் வெளியிட்ட கொச்சைச்சொல் அகராதி, இந்தப் பேச்சைத் தெருவில் பாட்டுத்தாள் விற்றவர்களுக்கும், கறை நீக்கும் மருந்தையும் பூட்ஸ் பாலிஷையும் வாய்ச்சாலகத்தால் தள்ளிவிட்டவர்களுக்கும் உரியதாகச் சொல்கிறது. பேச்சையே பிழைப்பாகக் கொண்டவர்கள் சொல்லோடு விளையாடியதில் வியப்பில்லை. மாடிப்படி 'ஸ்டேர்ஸ்' என்றால், அதோடு ஒலிக்கும் 'ஆப்பிள்ஸ் அண்ட் பேர்ஸ்' அதன் பெயராகிவிடும்.

ஆனால், ஒலி பொருந்தும் சொல்லையே பல நேரம் விழுங்கிவிடுகிறார்களே, அது மறைக்கத்தானே என்று கேட்கலாம். 'ஹெட்' என்ற தலைக்கு 'லோஃப் ஆஃப் பிரெட்'. பேச்சில் மிஞ்சுவது 'லோஃப்' மட்டும். வெளியாளுக்கு இது புரியாது, உண்மை. சந்தையில் அது கைகொடுத்தும் இருக்கும். இருந்தாலும் மறைப்பதே நோக்கமென்றால், அச்சில் ஏறி அம்பலமான பிறகு இந்த வழக்கு செத்திருக்க வேண்டும். மாறாக, 1950-களில் புகழ்பெற்ற பெல்ஃபாஸ்ட் பாடகி ரூபி மர்ரியின் பெயர், பிற்பாடு 'கரி' என்ற இந்திய உணவுக்கே வந்து சேர்ந்தது. சாப்பாட்டை யாரிடம் மறைக்க வேண்டும்? நம்மவர் என்ற உரிமையும் பேச்சின் குதூகலமுமே இதை வாழவைத்தன என்பதே சரி. ஆகவே நேயர்களே, லண்டன்காரர் ஒருவர் உங்களை 'ரூபி' சாப்பிட அழைத்தால், தயங்காமல் போங்கள். கிடைக்கப்போவது மசாலாக் குழம்புதான்.