விரலை வழுக்கினா தோடி!

கீபோர்டுல தோடி வாசிச்சுப் பார்த்திருக்கீங்களா? காந்தாரம் அசையவே அசையாது. ஒரு கட்டைக்கும் அடுத்த கட்டைக்கும் நடுவுல இருக்கிற சங்கதி எல்லாம் அம்போ! இந்தக் குறைக்காகவே ஆல் இந்தியா ரேடியோ 1940-லிருந்து 1971 வரை ஆர்மோனியத்தை உள்ளேயே விடலை. பிட்ச் பெண்ட் வீலைத் திருகிச் சமாளிக்கிறவங்க உண்டு. எனக்கு அந்தக் கை வரலை. அதனால கட்டையே இல்லாத ஒண்ணைச் செஞ்சேன். பேரு ரிப்பன் கன்ட்ரோலர்.

பிரான்ஸ்ல மார்ட்டெனோ 1928-லயே விரல் மோதிரத்தை ரிப்பன்ல கட்டி இழுத்து வாசிச்சுக் காட்டிட்டார். நம்ம வெர்ஷன் ஹாஸ்டல் ரூம் சரக்கு: 30 செ.மீ. மரச்சட்டம், மேல காப்பர் டேப், ரெண்டு ஓரமும் ஃபோம் டேப், அதுக்கு மேல வெலோஸ்டாட்ங்கிற கறுப்பு ஷீட். ஷீட்டோட ஒரு முனைக்கு 5 வோல்ட், மறுமுனைக்கு கிரவுண்ட். அழுத்தின இடத்துல ஷீட் காப்பரைத் தொடும். அந்த இடத்து வோல்டேஜ் ஆர்டுயினோ லியனார்டோவுக்குப் போகும். ஃபர்ஸ்ட் இயர்ல படிச்ச வோல்டேஜ் டிவைடரேதான் பாஸ்!

சின்தசைஸர்ல பிட்ச் பெண்ட் பெரும்பாலும் ரெண்டு ஸ்வரத்தானம் மேலே, ரெண்டு கீழேன்னு இருக்கும். அதை 12 ஆக்குங்க. மொத்தம் ரெண்டு ஸ்தாயி, ஒரு ஸ்வரத்தானத்துக்கு ஒண்ணேகால் செ.மீ.

வீணை வாசிக்கிற அத்தைகிட்ட பெருமையா நீட்டினேன். விரலை எடுத்ததும் ஸ்ருதி சர்ருனு இறங்கிச்சு. "என்னடா, பாட்டு கிணத்துல விழுது?"

காப்பர் அந்தரத்துல தொங்காம இருக்க, அதுக்கும் கிரவுண்டுக்கும் நடுவுல ஒரு பெரிய ரெசிஸ்டர் போட்டிருந்தேன் (ஷீட்டை விட 20 மடங்காவது இருக்கட்டும்). விரலை எடுத்தா அது வோல்டேஜை ஜீரோவுக்கு இழுத்துடும். கீழ்க்கோடி ஸ்வரமும் ஜீரோ, விரல் இல்லாததும் ஜீரோ! ஒரு ராத்திரி தூக்கம் போச்சு. ஷீட்டோட கிரவுண்ட் முனையில ஒரு சின்ன ரெசிஸ்டர் சேர்த்தேன். கீழ்க்கோடி கொஞ்சம் மேலே ஏறிச்சு. அதுக்கும் கீழே ரீடிங் போனா 'விரல் இல்லை'னு அர்த்தம். அப்போ கடைசி ரீடிங்கை எடுக்காதீங்க, அது விழும்போது வந்தது. சில மில்லிசெகண்ட் முந்தினதைப் பிடிச்சு வைக்கணும்.

இப்போ காந்தாரம் அசையுது. அத்தைக்கு இன்னும் ஒரு புகார்: தந்தியை இழுக்கிற அழுத்தம் இதுல இல்லையாம். வெலோஸ்டாட்டுக்கு அழுத்தமும் தெரியும். செமஸ்டர் லீவு வரட்டும்!